அத்திக்குள் பூ இருக்கிறது என்று ஆச்சியிடம் சொல்லப் போன கதை

2019 ஜூலை. காஞ்சிபுரத்தில் அத்திவரதர் 40 வருடத்துக்குப் பிறகு குளத்திலிருந்து வெளியே வந்து 48 நாள் காட்சி கொடுத்துக்கொண்டிருந்தார். எந்தப் பத்திரிகையைப் புரட்டினாலும் அத்தி. அந்தச் சூட்டில் ஒரு ஞாயிறு இணைப்பிதழிலிருந்து எனக்குப் போன் வந்தது. "நீங்க அத்தி மரத்துலதான் ஆராய்ச்சி பண்றீங்களாமே மேடம், அறிவியலா ஒரு கட்டுரை குடுங்க, 600 வார்த்தை போதும், வெள்ளிக்கிழமைக்குள்ள வேணும்."

நான் அப்போது பெங்களூருவில் முனைவர் பட்டத்தின் நாலாவது வருடத்தில் இருந்தேன். ஆற்றங்கரைகளில் அடிமரத்திலேயே கொத்துக்கொத்தாகக் காய்க்குமே நாட்டத்தி, அதற்குள் வாழும் குளவிதான் என் வேலை. நாலு வருடமாக ஒரு பூச்சியைப் பார்த்துக்கொண்டிருப்பவளிடம் 600 வார்த்தை கேட்டால் என்ன ஆகும்? ஒரே ராத்திரியில் 1,400 வார்த்தை எழுதிவிட்டேன். முதல் வரி இப்படி இருந்தது: "அத்தி பூத்தாற்போல என்று சொல்வது அறிவியல்படி தவறு."

எனக்கு அந்த வரி ரொம்பப் பிடித்திருந்தது. அத்தி பூக்காத மரம் இல்லை, வருடத்தில் பல தடவை பூக்கிற மரம். நாம் காய் என்று நினைப்பதே உள்பக்கம் சுருட்டிய பூங்கொத்துதான், ஏராளமான பூக்கள் உள்நோக்கிப் பூத்திருக்கின்றன, வெளியிலிருந்து தெரியாது, அவ்வளவுதான் விஷயம். ஊருக்குப் போனபோது ஆச்சியை உட்காரவைத்துப் பெருமையாக வாசித்துக் காட்டினேன். அம்பாசமுத்திரம் பக்கம், தாமிரபரணிக்கு நடந்துபோகிற தூரம். ஆச்சி பாதியிலேயே கையைக் காட்டி நிறுத்திவிட்டாள்.

"ஏட்டி, அத்திப் பழத்தைப் பிட்டா பூச்சி இருக்கும்னு பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். இதைச் சொல்லவா பெங்களூருல போய்ப் படிக்க?"

அதுதான் எனக்குக் கிடைத்த முதல் விமர்சனம். இன்றுவரை அதைவிடச் சரியான ஒன்று கிடைக்கவில்லை. ஊரில் எல்லோரும் பூச்சியைப் பார்த்திருக்கிறார்கள். 'அத்திப் பழத்தைப் பிட்டுப் பார்த்தால் அத்தனையும் சொத்தை' என்று பழமொழியே இருக்கிறது. சங்கப் பாட்டு ஒன்றில் ஆற்றங்கரை அதவத்தின் (அத்திக்கு அன்றைய பெயர்) கீழே விழுந்த ஒற்றைப் பழத்தை ஏழு நண்டுகள் மிதித்துக் குழைத்த காட்சி வரும். அந்த மரம் எங்கே நிற்கும், பழம் எங்கே விழும், அங்கே யார் நடமாடுவார்கள் என்று அத்தனையும் பார்த்த ஆளின் வரி அது. அப்படிப்பட்ட வாசகர்களிடம் போய் "நீங்கள் சொல்வது தவறு" என்று ஆரம்பித்தால் ஏன் மேலே படிக்க வேண்டும்? அவர்களுக்குத் தெரியாதது பூச்சி இருக்கிறது என்பது அல்ல. அது எப்படி உள்ளே போனது, ஏன் போனது என்பதுதான். அந்த இடத்திலிருந்து நான் தொடங்கியிருக்க வேண்டும். இப்போதெல்லாம் எதை எழுத உட்கார்ந்தாலும், இந்த விஷயத்தில் ஆச்சிக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று ஒரு பக்கம் எழுதிவிட்டுத்தான் அடுத்த வரிக்குப் போகிறேன்.

கட்டுரையைத் திருப்பி எழுதினேன். ஆனால் அப்போது எனக்குத் தமிழில் எழுதவே வராது என்பது அந்த மூன்று நாளில்தான் தெரிந்தது. பேசுவேன், படிப்பேன், ஆனால் குளவியைப் பற்றி நினைப்பதெல்லாம் ஆங்கிலத்தில். அதனால் "மகரந்தச் சேர்க்கையானது பெண் குளவிகளால் நிகழ்த்தப்படுகிறது" என்பது மாதிரி வாக்கியங்கள் வந்து விழுந்தன. வாய்விட்டு வாசித்தால் நாக்கு தடுக்கியது. தீர்வு ரொம்பச் சாதாரணமானது. அம்மா சமைக்கும்போது பக்கத்தில் நின்று கதையாகச் சொன்னேன், போனில் பதிவு செய்துகொண்டேன், அப்புறம் அதைக் கேட்டு எழுதினேன். பேசும்போது யாரும் "நிகழ்த்தப்படுகிறது" என்று சொல்வதில்லை. "பெண் குளவி உள்ளே போகும்போதே மகரந்தத்தைத் தூக்கிக்கிட்டுத்தான் போகும்மா" என்றுதான் சொல்லியிருந்தேன். அம்மா குறுக்கே கேட்ட கேள்விகளும் பதிவில் இருந்தன. அவள் எங்கெல்லாம் கரண்டியை நிறுத்தினாளோ அதெல்லாம் கட்டுரையில் தங்கின, எங்கெல்லாம் "ம்" மட்டும் கொட்டினாளோ அதெல்லாம் போயின.

கதை இதுதான். அத்திக்காயின் நுனியில் ஒரு சின்ன வாசல் உண்டு, செதில்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடைத்த வாசல். பூ தயாரானதும் காய் ஒரு மணத்தை விடும். அந்த மணத்தைப் பிடித்துக்கொண்டு இரண்டு மில்லிமீட்டர் நீளமுள்ள பெண் குளவி வரும். செதில்களுக்கு நடுவே நெருக்கிக்கொண்டு நுழையும்போது இறக்கை பிய்ந்துவிடும். உள்ளே போய்ப் பூக்களுக்கு மகரந்தம் சேர்க்கும், சில பூக்களில் முட்டையிடும், அங்கேயே செத்துப்போகும். சில வாரம் கழித்து, முட்டையிட்ட பூக்களிலிருந்து முதலில் வெளிவருபவை ஆண் குளவிகள், அவற்றுக்கு இறக்கையே கிடையாது. பெண்களோடு சேர்ந்துவிட்டு, காயின் சுவரைக் கடித்து ஒரு துளை போட்டுவிட்டுச் செத்துவிடும். பெண்கள் புது மகரந்தத்தை எடுத்துக்கொண்டு அந்தத் துளை வழியாகப் பறந்து அடுத்த மரத்தைத் தேடும். தேட இருப்பது ஒரு நாள், மிஞ்சினால் இரண்டு நாள் ஆயுசு. உலகத்தில் அத்தி இனத்தில் சுமார் 750 வகை இருக்கின்றன, ஆலும் அரசும் அதில் அடக்கம். பெரும்பாலும் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் குளவி.

இதை எழுதி அனுப்பினேன். ஞாயிற்றுக்கிழமை காலையில் பத்திரிகையைப் பிரித்தால் தலைப்பு: "அத்திப்பழத்துக்குள் ஆயிரம் பிணங்கள்!"

நான் வைத்த தலைப்பு அது இல்லை. கட்டுரைக்குள் நான் பார்த்துப் பார்த்துப் போட்டிருந்த "சுமார்", "பெரும்பாலும்", "சில வகைகளில்" எல்லாவற்றையும் இடத்துக்காக வெட்டியிருந்தார்கள். எட்டு மணிக்கு அத்தை போன் செய்தாள். வெள்ளிக்கிழமை விரதத்துக்கு உலர்ந்த அத்திப்பழம்தான் அவளுக்குச் சாப்பாடு. "இத்தனை வருஷமா நான் அசைவமா சாப்பிட்டேன்?" குரல் நடுங்கியது. சிரிக்கிற விஷயம் இல்லை, அவளுக்கு அது நிஜமான வேதனை.

அத்தையிடம் அரை மணிநேரம் பேசினேன். நாட்டத்தி வேறு, கடையில் வாங்குகிற சீமை அத்தி வேறு. மகாராஷ்டிரத்தில் விளையும் பூனா அத்தி மாதிரி வகைகள் குளவியே இல்லாமல் பழுக்கும், துருக்கி பக்கத்து ஸ்மிர்னா வகைக்குத்தான் குளவி தேவை. இதெல்லாம் கட்டுரையில் ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும், படிக்கிறவருக்கு வரப்போகிற முதல் கேள்வியே அதுதான். எனக்கு அந்தக் கேள்வி தோன்றவே இல்லை, ஏனென்றால் நான் நாலு வருடமாகப் பழத்தைச் சாப்பிடும் பொருளாகவே பார்க்கவில்லை. இது எங்கள் தொழிலின் ஒரு வியாதி.

அதிலிருந்து சில பழக்கங்கள் வந்தன. தலைப்பை நானே மூன்றாக எழுதி அனுப்புவேன், அதில் ஒன்றாவது கொஞ்சம் காரமாக இருக்கும். இல்லாவிட்டால் அவர்களே காரம் சேர்ப்பார்கள். அச்சுக்குப் போகும் முன் ஒருமுறை காட்டச் சொல்வேன், முடியாது என்றால் தலைப்பையாவது போனில் வாசிக்கச் சொல்வேன். "சுமார்" மாதிரித் தனியாக உருவிவிடக்கூடிய வார்த்தைகளை நம்புவதில்லை. சந்தேகத்தை வாக்கியத்தின் வினைச்சொல்லிலேயே கட்டிவிட வேண்டும், அப்போதுதான் வெட்ட முடியாது. சன்மானத்தை முதல் போனிலேயே கேட்டுவிட வேண்டும், அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை.

உவமைகளிலும் அடி வாங்கினேன். முதல் வடிவத்தில் "தாய்க் குளவி பிள்ளைகளுக்காகத் தன் உயிரையே தியாகம் செய்கிறாள்" என்று எழுதியிருந்தேன். ஆய்வகத்தில் எனக்கு மூத்த அக்கா ஒருத்தி படித்துவிட்டு, "குளவி உன்கிட்ட வந்து சொல்லுச்சா?" என்றாள். அம்மா என்றால் சாக வேண்டும் என்ற எண்ணத்தை நான்தான் பூச்சி மேல் ஏற்றிவைத்திருந்தேன். வெளியே இருந்தாலும் அதற்கு ஒரு நாள்தான் ஆயுசு, உள்ளே போனால் வம்சம் தழைக்கும். தியாகமும் இல்லை, சோகமும் இல்லை. ஆனாலும் அந்த வரியைத்தான் வாட்ஸாப்பில் நிறையப் பேர் அனுப்பியிருப்பார்கள் என்று இப்போதும் தோன்றும்.

எண்களும் அப்படித்தான். ஆப்பிரிக்காவில் நமீபியாவின் பாலைவன ஆற்றங்கரை அத்திகளில் 2009-ல் வெளியான ஆய்வொன்று, இந்த மாதிரிக் குளவிகள் காற்றோடு போய் 160 கிலோமீட்டர் வரைக்கும் மகரந்தம் சேர்த்ததாகச் சொல்கிறது. நான் அதை எத்தனையோ கூட்டங்களில் சொல்லியிருக்கிறேன், முகத்தில் ஒரு அசைவும் இருக்காது. "சென்னையில கிளம்பி பாண்டிச்சேரியில இறங்குது, அதுவும் ஒரே நாள் ஆயுசுல" என்று சொன்ன அன்றுதான் ஒருவர் "அட!" என்றார்.

சரி, படம் வரைந்த கதைக்கு வருகிறேன்.

நான் ஓவியம் கற்றவள் இல்லை. எட்டாம் வகுப்பில் தவளையை வரைந்து ஆசிரியரிடம் "இது என்ன உருளைக்கிழங்கா" என்று கேட்கவைத்தவள். ஆய்வகத்தில் பழைய நுண்ணோக்கி ஒன்றில் கேமரா லூசிடா என்ற இணைப்பு இருந்தது. அதன் வழியாகப் பார்த்தால் பூச்சியும் நம் பென்சில் நுனியும் ஒரே சமயத்தில் தெரியும், பூச்சியின் கோட்டின் மேலேயே இழுத்துக்கொண்டு போகலாம். புகைப்படம் வந்த பிறகு யாரும் தொடாமல் தூசி படிந்து கிடந்தது. பத்திரிகைக்கு நான் கொடுத்த புகைப்படம் அச்சில் கறுப்புத் தீற்றலாக விழுந்திருந்ததால், கோட்டுப்படம் போட்டுப் பார்ப்போமே என்று அதை எடுத்தேன்.

பெண் குளவியின் தலையை வரைய ஆரம்பித்து ஒரு மணிநேரத்தில் நின்றுவிட்டேன். தாடைக்குக் கீழே வரிவரியாகப் பற்கள் கொண்ட ஒரு உறுப்பு இருக்கும். அந்த வரிகளை நான் நூற்றுக்கணக்கான குளவிகளில் எண்ணியிருக்கிறேன், அட்டவணை போட்டிருக்கிறேன். ஆனால் பற்கள் எந்தப் பக்கம் பார்க்கின்றன என்று வரைய வேண்டி வந்தபோதுதான், அதைக் கவனித்ததே இல்லை என்று தெரிந்தது. பின்பக்கம் பார்க்கின்றன. செதில்களுக்கு நடுவே தலையை நுழைத்துவிட்டால் வழுக்கிப் பின்னால் வராமல் அவை பிடித்துக்கொள்ளும். நெஞ்சின் அடியில் இரண்டு பைகள் இருக்கின்றன, மகரந்தத்தைப் போட்டுக்கொள்ள. தேனீ பூவுக்குப் பூ கொண்டுபோவது பெரும்பாலும் போகிற போக்கில் உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை, இதுவோ அடுத்த பூவுக்காகவே எடுத்துப் பைக்குள் போட்டுக்கொண்டு கிளம்புகிறது. எண்ணுவதற்குக் கண் போதும், வரைவதற்கு முடிவெடுக்க வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு கோடும் இங்கே முடிகிறதா, அதன் பின்னால் போகிறதா என்று.

நரம்பு செல்களை வரைந்து 1906-ல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஸ்பெயின்காரர் கஹால் சின்ன வயதில் ஓவியராகத்தான் ஆசைப்பட்டார், மருத்துவரான அப்பா விடவில்லை. அவரைப் பற்றி எல்லோரும் சொல்வார்கள். நான் நினைத்துக்கொள்வது நம் பக்கத்து ஆட்களை. 19-ஆம் நூற்றாண்டில் சென்னை மாகாணத்தில் ராபர்ட் வைட் என்ற தாவரவியலாளருக்காக ரங்கையா, கோவிந்து என்ற இரண்டு ஓவியர்கள் செடிகளை வரைந்தார்கள். வைட் வெளியிட்ட தென்னிந்தியத் தாவரப் படங்கள் 2,000-க்கும் மேல். ஒரு ஆர்க்கிட் பேரினத்துக்குக் கோவிந்துவின் பெயரையே வைட் வைத்தார், அதற்குப் பிறகும் அந்த இரண்டு பேரின் வாழ்க்கையைப் பற்றி நமக்குத் தெரிவது ரொம்பக் கொஞ்சம். அந்தப் படங்களைப் பார்த்து நான் காப்பி அடித்துப் பழகினேன். ஒரு இலையின் முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே தாளில் தெரிய வேண்டும் என்பதற்காக ஒரு ஓரத்தை மடக்கிக் காட்டுவார்கள். எவ்வளவு பெரிய தந்திரம் அது.

நிழலுக்குப் புள்ளி வைக்கக் கற்றுக்கொண்டேன். மட்டமான தாளில் அச்சடித்தாலும் புள்ளி நிற்கும், பூசிய நிழல் ஊறிவிடும். கோலம் போடத் தெரிந்தவர்களுக்குக் கை நடுக்கம் சீக்கிரம் போகும், இது என் சொந்தக் கண்டுபிடிப்பு.

அந்தத் தைரியத்தில் ஊர்ப்பக்கத்துப் பள்ளி ஒன்றில் சுவரில் வரைந்து தருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். பத்தடிச் சுவர். ஒரு பிளந்த அத்தி, அதன் பக்கத்தில் நாலடி நீளத்துக்குக் குளவி, எல்லாம் பளபளவென்று. பிள்ளைகள் கைதட்டினார்கள். ஒரு மாதம் கழித்துப் பார்த்தால் பள்ளிக்குப் பின்னால் இருந்த அத்தி மரத்தடியில் யாரும் விளையாடுவதில்லை. குளவி என்றாலே வீட்டுச் சுவரில் மண்கூடு கட்டி, பொறுப்பில்லாமல் கொட்டுகிற சமாச்சாரம்தானே மனதில் வரும், அதையும் நான் நாலடிக்கு வரைந்துவைத்திருக்கிறேன். பிள்ளைகளுக்குப் பயம் என்றால் மரத்தை எடுத்துவிடலாமா என்று ஒருவர் பேச்சுவாக்கில் கேட்டபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. அறிவியலைப் பரப்பப் போய் மரத்துக்கு உலை வைத்திருப்பேன்.

மறுநாளே தூரிகையை எடுத்துக்கொண்டு போய்க் குளவிக்குப் பக்கத்தில் அதே அளவுகோலில் ஒரு கடுகை வரைந்தேன். கடுகு பெரிய பூசணிக்காய் அளவுக்கு வந்தது. பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் பயம் போய்விட்டது. படத்தின் ஓரத்தில் ஒரு கோட்டைப் போட்டு "1 மி.மீ." என்று எழுதுவது எங்கள் வழக்கம். அதைப் படிக்கப் பழகியவர்கள் நாங்கள் மட்டும்தான். அதற்குப் பிறகு நான் எதை வரைந்தாலும் பக்கத்தில் சமையலறைச் சாமான் ஒன்று இருக்கும். குளவி என்ற சொல்லையும் பிள்ளைகளிடம் விட்டுவிட்டேன், 'அத்திப்பூச்சி' போதும்.

அந்தப் பள்ளியிலேயே ஏழாம் வகுப்புக்கு ஒரு நாள் வகுப்பு எடுத்தேன். ஆளுக்கு ஒரு காய், ஒரு பிளேடு, மூன்று பேருக்கு ஒரு கைலென்ஸ், வரைய ஒரு தாள். நான் ஒன்றும் விளக்கவில்லை, வரைந்து முடித்தபின் பேசலாம் என்றேன். முக்கால் மணிநேரம் சத்தமே இல்லை. ஒரு பையன் காயை முழுக்கக் கறுப்பாக அப்பிவைத்திருந்தான். பென்சிலை வீணாக்குகிறான் என்று நினைத்து ஏன் என்று கேட்டேன்.

"மூடியிருக்கும்போது உள்ள இருட்டாத்தானே மிஸ் இருக்கும்? அப்புறம் அது எப்படிப் பூவைக் கண்டுபிடிக்கும்?"

நான் சுவரில் திரும்பிப் பார்த்தேன். என் அத்தியின் உட்புறம் மஞ்சள் வெளிச்சத்தில் ஜொலித்துக்கொண்டிருந்தது, கல்யாண மண்டபம் மாதிரி. பிளந்து பார்க்கிற எங்களுக்குத்தான் வெளிச்சம், பூச்சிக்கு ஏது? அது மணத்தையும் தொடு உணர்வையும் வைத்து நடமாடுகிறது. ஆண் பூச்சிக்குக் கண்ணே ஒப்புக்குத்தான். பாடப்புத்தகத்து வெட்டுத்தோற்றப் படங்கள் எல்லாம் இந்த ஒரு விஷயத்தில் பொய் சொல்கின்றன, நானும் அந்தப் பொய்யைப் பத்தடிக்குச் சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பையனால்தான் சித்திரக்கதை பிறந்தது. 16 பக்கம், கையளவுப் புத்தகம், சிவகாசியில் சொந்தக் காசில் அச்சடித்தேன். நடு ஆறு பக்கங்கள் கறுப்பு. கறுப்பில் வெள்ளைக் கோடாக, தொட்டுத் தெரிகிற பகுதி மட்டும், ஒரு பூவின் நுனி, ஒரு கால், ஒரு கொம்பு. பதினொன்றாம் பக்கத்தில் ஆண் பூச்சிகள் சுவரைக் கடித்துத் துளைபோடும்போது முதல்முறையாக ஒரு புள்ளி வெளிச்சம் விழும். உண்மையிலும் அந்தத் துளை பெரிய திருப்பம்தான். உள்ளே தேங்கிய கரியமில வாயு வெளியேறி, வெளிக்காற்று வந்த பிறகுதான் பெண் பூச்சிகள் சுறுசுறுப்பாகின்றன. எழுத்தில் இதற்கு நான் மூன்று பத்தி செலவழித்திருந்தேன். படத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி. கடைசியில் ஒரு பக்கம் திருட்டுப் பூச்சிகளுக்கு ஒதுக்கினேன். மகரந்தம் சேர்க்காமல், வெளியே நின்றபடியே காயைத் துளைத்து முட்டையிடுகிறவை. அவற்றில் ஒன்றின் ஊசியின் நுனியில் துத்தநாகம் இருப்பதை பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2014-ல் கண்டார்கள். தலைமுடியைவிட மெல்லிய துளையிடும் கம்பி, அதற்கு உலோக நுனி. இதைப் படமாகப் போட்டால் பிள்ளைகள் விடுவார்களா? அந்தப் பக்கத்தைத்தான் கிழித்துக்கொண்டு போய் ஒட்டிவைத்துக்கொள்கிறார்கள்.

இதற்கெல்லாம் என் தொழிலில் மதிப்பெண் கிடையாது. "ஞாயித்துக்கிழமை வேலை" என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள். ஆய்வேட்டை மூன்று மாதம் தாமதமாகக் கொடுத்தேன், அதில் ஒரு மாதமாவது புள்ளி வைத்ததில் போனதுதான். ஆனால் அந்த ஏட்டில் தாடைப் பற்களைப் பற்றிய பகுதியைத் திருத்தி எழுதினேன், வரைந்திராவிட்டால் அது பழையபடியே போயிருக்கும்.

புத்தகம் வந்ததும் முதல் பிரதியை ஆச்சிக்குக் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினாள். கறுப்புப் பக்கம் வந்ததும் "மை கொட்டிட்டாம்போல" என்றாள். காயின் உட்புறம் என்று சொன்னதும் விரலால் அந்தக் கோடுகளைத் தடவிப் பார்த்தாள். முழுக்கப் பார்த்து முடித்து, மறுபடியும் முதல் பக்கத்து மரத்துக்குப் போனாள்.

"எல்லாம் சரிதான். முசுறு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"முசுறு இல்லாத அத்தி ஏது ஏட்டி? காய் பறிக்க ஏறுனா நம்மள ஏற விடுமா அது?"

சிவப்பு எறும்பு. நாட்டத்தியின் கிளைகளில் முசுறு காவல் திரிந்தால் வெளியே நின்று துளைக்கிற திருட்டுப் பூச்சிகள் குறையும் என்று ஆய்வுகள் இருக்கின்றன, அவற்றை என் ஏட்டிலேயே மேற்கோள் காட்டியிருக்கிறேன். மரத்தை வரையும்போது அது என் நினைவுக்கே வரவில்லை. நான் மரத்தில் ஏறிக் காய் பறித்தவள் இல்லை, ஆள் வைத்துப் பறித்தவள்.

இரண்டாம் அச்சில் முசுறு ஏறியாயிற்று, முதல் பக்கத்திலேயே, அடிமரத்தில் வரிசையாக. பக்கத்தில் கடுகு வேண்டாம் என்று ஆச்சி சொல்லிவிட்டாள், முசுறு எவ்வளவு பெரிசு என்று எல்லோருக்கும் தெரியுமாம்.